கொண்டியும் தாழ்ப்பாளும்

சௌந்தரம்: கொண்டி எங்க கொத்தனாரே?

சங்கையா: எந்தக் கொண்டி டீச்சர்?

சௌந்தரம்: எந்தக் கொண்டியா! கதவுக்கு வெளிப்பக்கம் மாட்டுற இரும்புக் கொண்டி. மொதத் தடவை, பந்தல்குடி ஆசாரி கொண்டாரவே இல்லைன்னீக. ரெண்டாந் தடவை, கெணத்துக்குள்ள விழுந்துருச்சுன்னீக. நேத்து நானே அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸேறிப் போயி வாங்கியாந்து உங்க கையில குடுத்தேன்.

சங்கையா: குடுத்தீக. இல்லைன்னு சொல்லலையே.

சௌந்தரம்: அது எங்க?

சங்கையா: இந்தா... சாந்துச் சட்டிக்குப் பக்கத்துலதான் வச்சேன். ஆடு கீடு தின்னுருச்சோ என்னமோ.

சௌந்தரம்: இரும்பைத் திங்குற ஆடு யாரு வீட்டுல இருக்கு?

சங்கையா: மழையே இல்லாத வருசத்துல ஆடு எதைத்தான் திங்காது? போன வாரம் உங்க வருகைப் பதிவேட்டையே...

சௌந்தரம்: அது அட்டை மட்டுந்தான். பேச்சை மாத்தாதீக. நாளைக்குத் திருச்சுழியிலருந்து ஓவர்சியர் வாராரு. அவரு பாத்துச் சரின்னாத்தான் திங்கக்கெழமை புள்ளைக உள்ள உக்கார முடியும். வெயில்ல ஒரு வருசமாச்சு, வேப்பமரத்தடியில கெடந்து காயுதுக. சாயங்காலம் பூட்டுப் போட ஒரு கொண்டி இல்லைன்னா அவரு என்னைய என்ன கேப்பாரு? பொழுது சாஞ்சா இங்க சீட்டாடுற கூட்டம்ல வந்து உக்காரும்.

சங்கையா: உக்காரட்டுமே. கூட்டல் கழித்தலாவது வரும் அவுகளுக்கு.

சௌந்தரம்: கொத்தனாரே!

சங்கையா: சிரிச்சுட்டீக பாருங்க. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். உள்பக்கத் தாழ்ப்பாள் எங்க?

சௌந்தரம்: எந்தத் தாழ்ப்பாள்?

சங்கையா: ஆத்தாடி! இப்ப யாரு பேச்சை மாத்துறது? தாழ்ப்பாள் ஏறி விழுக நெலைக்கு மேல ஓட்டை விட்டு வச்சிருந்தேன். காலையில வந்து பாத்தா அதுல சிமெண்டை அப்பி வச்சிருக்கு.

சௌந்தரம்: குளவி கூடு கட்டியிருக்கும்.

சங்கையா: குளவிக்குச் சிமெண்டுப் பெர்மிட்டு யாரு குடுத்தா? நமக்கு மூட்டைக்கு மூணு மாசம் நடக்க வேண்டியிருக்கு. அதுவும் அந்தப் பூச்சு இருக்கே... பணியார மாவு அள்ளி வச்ச மாதிரி. அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. ஒரு விரல்ல சாக்பீஸ் வேற.

சௌந்தரம்: புள்ளைக விளையாட்டா உள்ள பூட்டிக்கிரும். தாழ்ப்பாள் வேண்டாம்.

சங்கையா: வேண்டாமா? நல்லா இருக்கே கதை! இந்தக் கட்டடம் எதுக்குக் கட்டுறோம்? மறுபடி ஒருக்கா கல்லும் கம்புமா எவனும் வந்தா புள்ளைக பத்திரமா இருக்கணும்னுதான? மனுவுல நீங்கதான வரிசையா எழுதுனீக. ஓலை கூடாது, ஓடு வேணும். முன்வாசல், பின்வாசல். ஜன்னல் எட்டடிக்கு மேல. அந்த ஒசரத்துக்கு எந்த ஊருல ஜன்னல் வைக்காக? ஒட்டகம் வந்தாத்தான் எட்டிப் பாக்கும்.

சௌந்தரம்: கல்லு எட்டிப் பாக்காம இருந்தாச் சரி.

சங்கையா: கதவு வேற வெளிப்பக்கமா திறக்கணுமாம். முப்பது வருசமா நெலை நிறுத்துறேன், இந்தக் கூத்தை நான் பாத்ததே இல்லை. வீட்டுக்கு இப்படி வச்சா, லட்சுமியை வெளிய தள்ளுறியாடான்னு கம்பெடுத்து வருவாக.

சௌந்தரம்: இங்க இருக்குறது சரஸ்வதி. அவசரம்னா அவளும் வெளிய ஓடணும்ல?

சங்கையா: வாயில எப்பவும் ஒரு பதிலு. சரி, எல்லாம் நீங்க சொன்னபடியே வச்சாச்சு. வாரவனை உள்ள விடாம நிறுத்த ஒரு தாழ்ப்பாள் வேண்டாமா? கீழத்தெருக்காரவுக காதுல விழுந்தா என்ன சொல்வாக? கதவு சரியா இருந்தாத்தான் புள்ளைகளை அனுப்புவோம்னு ஒத்தக்கால்ல நிக்காக.

சௌந்தரம்: மேலத்தெருக்காரவுகளும் அதையேதான் சொல்றாக. அதுல மட்டும் ரெண்டு தெருவும் ஒத்துமை. அதான் கேக்குறேன், வெளிக்கொண்டி எங்க?

சங்கையா: நான் தாழ்ப்பாளைக் கேட்டா நீங்க கொண்டியைக் கேக்குறீக.

சௌந்தரம்: நான் கொண்டியைக் கேட்டா நீங்க ஆட்டைக் காட்டுறீக.

சங்கையா: அப்ப ஒண்ணு செய்வோம். உள்ளயும் வேண்டாம், வெளியவும் வேண்டாம். ஒரு செங்கல்லை அண்டை குடுத்து வச்சிருவோம்.

சௌந்தரம்: ஓவர்சியர்கிட்ட அதையே சொல்லுங்க. உங்களைய அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பள்ளிக்கூடம் எரிஞ்ச அன்னைக்குப் பின்சுவத்தைக் கடப்பாரையால இடிச்சு முப்பத்தாறு புள்ளைகளை வெளிய இழுத்த சங்கையான்னா ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் தெரியும். அவரே உங்களுக்கு ஒரு மாலை...

சங்கையா: அந்தப் பேச்சு வேண்டாம் டீச்சர்.

சௌந்தரம்: ஏன்? எப்ப இந்தப் பேச்சை எடுத்தாலும் மூஞ்சி இப்படிப் போயிருது. நல்லது செஞ்சதை நல்லதுன்னு சொல்லக் கூடாதா? நீங்க இல்லைன்னா நானே இன்னைக்கு இல்லை.

சங்கையா: வேண்டாம்னேன்ல! கோவிச்சுக்காதீக.

சௌந்தரம்: கோவமில்லை. உங்க செல்லக்கிளி நேத்துச் சிலேட்டைக் கொண்டாந்து காட்டுனா. இடது கையில எழுதியிருக்கா. முத்து முத்தா இருக்கு. அப்பனோட கணக்கு நோட்டை விட எவ்வளவோ தேவலை.

சங்கையா: வெந்துபோன வலது கை இன்னும் மடங்கலை டீச்சர். சோத்தை அவ ஆத்தாதான் பெசஞ்சு குடுக்கா.

சௌந்தரம்: தெரியும்.

சங்கையா: டீச்சர்... அந்தக் கொண்டியை ஆடு திங்கலை.

சௌந்தரம்: அதுவும் தெரியும்.

சங்கையா: கண்மாயில வீசிட்டேன். மூணையுந்தான். ஆசாரி கொண்டாந்ததையும் சேத்து.

சௌந்தரம்: ஏன்யா?

சங்கையா: மடை திறக்குற சண்டை அன்னைக்கு நான் எங்க நின்னேன்னு தெரியுமா?

சௌந்தரம்: மேலத்தெருக் கூட்டத்தோட. ஊருல பாதி அங்க நின்னுச்சு, பாதி இங்க நின்னுச்சு. இதுல என்ன?

சங்கையா: என் கையிலயும் கல்லு இருந்துச்சு. பள்ளிக்கூடத்தைத் தாண்டுறப்ப எங்க புள்ளை நெனப்பு வந்துச்சு. சத்தங் கேட்டு வெளிய ஓடியாந்துருவாளோ, எவன் கல்லாச்சும் மண்டையில பட்டுருமோன்னு... வெளிக்கொண்டியை மாட்டி, ஒரு குச்சியையும் சொருகிட்டுப் போயிட்டேன் டீச்சர். நல்லதுக்குன்னுதான் செஞ்சேன். கொஞ்ச நேரத்துல எவனோ வைக்கப் படப்புல தீயைப் போட்டுட்டான். காத்து இங்குட்டு அடிச்சுச்சு. திரும்பிப் பாக்கேன், பள்ளிக்கூடத்து ஓலை எரியுது. ஓடியாந்தேன்.

சௌந்தரம்: உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல.

சங்கையா: குச்சியை உருவுனேன். கொண்டியையும் எடுத்தேன். எடுத்துட்டுத்தான் தள்ளுனேன்... நகரலை. தோளைக் குடுத்து மோதுனேன், நகரலை. உள்ள அம்புட்டுச் சத்தம். அப்புறந்தான் கடப்பாரையைத் தூக்கிட்டுப் பின்னால ஓடுனேன்.

சௌந்தரம்: ம்.

சங்கையா: நெசமாவே எடுத்தேனா? பதட்டத்துல எடுத்ததா நெனச்சுக்கிட்டேனா? அது தெரியலை டீச்சர் எனக்கு. கதவு எரிஞ்சு போச்சு, யாரைக் கேக்க? எம்புள்ளை அந்தக் கையை நீட்டுறப்பெல்லாம், நீ எடுக்கலைடா பாவின்னு உள்ள ஒண்ணு கேக்குது. ஊரு மாலை போடுது. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இன்னொரு கொண்டியை மாட்ட?

சௌந்தரம்: கொத்தனாரே... நீங்க எடுத்துட்டீக.

சங்கையா: மனசு ஆறணும்னு சொல்லாதீக.

சௌந்தரம்: கொண்டி கழண்டு நெலையில அடிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் கதவுல சாஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சங்கையா: அப்ப ஏன் திறக்கலை? புள்ளைக நெருக்குனதுல அடைச்சுக்கிருச்சுன்னு நீங்கதான விசாரணைக்கு வந்தவுககிட்டச் சொன்னீக. அதை வச்சுத்தான இந்தக் கதவு வெளிய திறக்கணும்னு பிளான்லயே போட்டாக?

சௌந்தரம்: பொய்யி. பாவம், அந்தப் புள்ளைக மேல பழியைப் போட்டேன். மொதக் கல்லு விழுந்ததுமே பயத்துல உள்தாழ்ப்பாளைப் போட்டது நான். அப்புறம் அந்தப் புகையில எவ்வளவு தடவியும் அது என் கைக்கு ஆப்படவே இல்லை கொத்தனாரே.