மீன்களுக்கு ஒரு மழைக்காலம்

மீன் வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் தீனியைக் கொட்டிக் கொட்டியே அவற்றைக் கொன்றுவிடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை, ஐயா. டுலூத்தில் எங்கள் மீன் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் ரஸல் ஹாகன் நிதானமானவன் என்றுதான் சொல்வார்கள்.

என்னிடம் இருப்பவை கோரி மீன்கள். விரல் நீளக் கெளுத்தி, மொத்தம் ஒன்பது. தொட்டியின் அடியில் மணலை மீசையால் துழாவிக்கொண்டு கூட்டமாகத் திரியும், யார் வம்புக்கும் போகாது. சங்கத்தில் எல்லாரும் அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். நாலு வருஷமாக நான் மட்டும் மற்றவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருக்காதா?

கோரி முட்டையிட வேண்டுமானால் மழை வந்துவிட்டதாக அது நம்ப வேண்டும். தண்ணீர் குளிர்ந்து இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்க வேண்டும். என் தொட்டி குளிரவே குளிராது. காரணம் என் மாமனார் எல்ராய். பக்கவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்த பிறகு, என் மனைவி மார்லிஸ் அவர் கட்டிலை என் மீன் அறையில்தான் போட்டாள். மாடிப்படி ஏறாமல் போகக்கூடிய அறை அது ஒன்றுதான். தண்ணீரோடு முந்நூறு கிலோ தொட்டியை நான் எங்கே நகர்த்துவது?

"அப்பாவுக்குக் குளிர் பட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும். ரூம் சூட்ட எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறக்காத, ரஸ்," என்பாள். நான் வாளி வாளியாக ஐஸ் தண்ணீர் ஊற்றுவேன். சாயங்காலத்துக்குள் பழையபடி வெதுவெதுப்பாகிவிடும். எல்ராய் படுத்தபடியே சிரிப்பார்.

"என்னய்யா, உன் மீசைக்காரனுங்களுக்கு இன்னும் கல்யாணம் கூடி வரலியா? எல்லாம் உன் ராசி."

கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தினமும் கேட்டார்.

போன வாரம் மார்லிஸ் ஃபார்கோவில் தங்கை வீட்டுக்கு மூன்று நாள் போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த அறைக்குச் சூடான காற்று வரும் வழியை அடைத்தேன். ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். வெளியே முழங்கால் அளவு பனி.

"ரஸ், ஜன்னல் திறந்திருக்கா? காலு மரத்துப் போச்சுப்பா."

"கொஞ்சம் காத்து வரட்டும், எல்ராய். ரெண்டே நாளு."

அவர் பக்கத்தில் ஒரு கைமணி இருந்தது. அவர் அதை ஆட்டுகிற சத்தத்துக்கு மீன்கள் மிரண்டு ஓடின. எடுத்துச் சமையலறையில் வைத்தேன்.

சனிக்கிழமை பனியின் வெளிச்சம் தொட்டியில் கண் கூச அடித்தது. கட்டிலில் இரண்டு போர்வைகள் இருந்தன. தடித்ததை எடுத்துத் தொட்டியின் பக்கவாட்டை மறைத்தேன். சூப் கொடுத்தபோது எல்ராய்க்குப் பேச்சு குழறியது. பக்கவாதக்காரருக்கு அது சகஜம்தானே.

நான் அலட்சியமாக இருந்ததாக நினைக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன். அறுபத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் தொட்டிக்குள் இருந்த ஹீட்டரைப் போட்டேன். மீன்கள் ஒருபோதும் விறைக்கவில்லை.

ஞாயிறு காலை எல்ராய் ஒன்றும் கேட்கவில்லை. அறை அமைதியாக இருந்தது, எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஒன்பது மணிக்குப் பெட்டை மீன் ஒன்று முதல் முட்டையைக் கண்ணாடியில் ஒட்டியது. கட்டிலுக்கு முதுகைக் காட்டி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சாயங்காலம் மார்லிஸ் வந்தாள். "ஏன் ரூம் இப்படிக் குளிருது?" என்றாள். நான் முதலில் முட்டைகளைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை, அவள் அப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், ஜன்னலைத் திறந்தது நான்தான். போர்வையை எடுத்ததும் நான்தான். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று வியாழன், முட்டைகள் பொரிந்திருக்கும். வீட்டில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் சொல்லி அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். சின்ன உயிர்கள், ஐயா. குளிர் தாங்காது.