அந்தோனியாரின் கோழியும் ஒரே கண் மருந்தும்

மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில், படித்தவன் என்று தெரியட்டுமே என்று தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பக்கமும் நகரவில்லை. முன் இருக்கையில் ஒரு மனைவி தன் கணவனிடம் சீறிக்கொண்டிருந்தார்.

"அந்தோனியாருக்கு நேந்த கோழிக்கு என்ரை கண் மருந்தை ஏன் விட்டனீங்கள்?"

"கண் வீங்கி நுரை தள்ளினது. பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

"தனியா அடையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னன்!"

"நேர்த்திக் கோழியப்பா. அது மற்றதுகளுக்குத் தொத்த வைக்குமே?"

"வைச்சிட்டுதே! எங்கடை முதலாளியம்மா சிஞ்ஞோராவின்ரை கோழியள் எல்லாத்துக்கும் கண் மூடிப்போச்சு. பின்னேரம் அவ வந்து பாத்தா, அந்த வீட்டு வேலை ரெண்டு பேருக்கும் போச்சு. மிருக வைத்தியரிட்டையாவது கேட்டிருக்கலாம்."

"கேட்டா, எங்கடை கோழி அவவின்ரை கூட்டுக்கை நிக்கிறது தெரிஞ்சிடும். அதாலை நானே எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு துளி விட்டனான்."

"அதே போத்திலாலையோ?"

"ஓம். கண்ணிலை முட்ட வைச்சுத்தான். இல்லாட்டித் தலையை ஆட்டுதுகள்."

மனைவி முழுதாக அவர் பக்கம் திரும்பினார்.

"பிறகு போத்திலை எங்கை வைச்சனீங்கள்?"

"எடுத்த இடத்திலை. உம்மடை தலைமாட்டிலை."

"காலமை நான் விட்டனான்."

கணவர் அவருடைய கண்ணை உற்றுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவந்திருந்தது, கோபத்தாலும் இருக்கலாம்.

"எத்தினை துளி?" என்று கேட்டார் கணவர்.

"எழும்பி இறங்குங்கோ. கோழியோடை சேத்து முதல்லை உங்களை அடைக்கிறன்."