ஞானசிகாமணி அண்ணாச்சி கெர்னல் புதுப்பித்த காதை

அம்பாசமுத்திரம் கட்டற்ற மென்பொருள் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் சபைச் செயலாளர் ஞானசிகாமணி அண்ணாச்சி அவர்களே, இந்த நாற்காலியில் ஏன் அமர்ந்தோம் என்று சற்று நேரத்தில் வருந்தப்போகிறவரே, வயலை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு வீற்றிருக்கும் தாய்மார்களே, பஜ்ஜிக்காகவே வந்திருக்கும் நண்பர்களே, கணினி ஆசிரியை பிரிஸில்லாவின் பணிவான வணக்கம்.

லினக்ஸின் நடுக்கரு கெர்னல். எங்கள் கிறிஸ்தவக் கோயில் கணினியில் செருகிய வைஃபை குச்சியோடு அது பேச மாட்யூல் என்ற ஒரு துணை நிரல் வேண்டும். மூலநிரலை இறக்கினேன், தொகுத்தேன், ஏற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அந்த மாட்யூல் அந்த ஒரு கெர்னலுக்குத்தான் பொருந்தும். கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் தானாகவே மறுபடி தொகுத்துத் தர டிகேஎம்எஸ் என்ற கருவி உண்டு. அதை நிறுவினேனா? இல்லை. ஏன்? சோம்பல், சபையோரே, சுத்தமான சோம்பல்.

வந்தது கோயில் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை. நம் விழாத் தலைவரின் மகன் ஹெப்ரானுக்குக் குவைத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. அன்று நடக்கவிருந்த தன் முதல் மகளின் ஞானஸ்நானத்தில் போதகரான ஐயர் பெயரைக் கேட்கும்போது, கணினி வழியே அதைத் தானே சொல்ல வேண்டும் என்று மனைவி பியூலாவிடம் உறுதி வாங்கியிருந்தான். தலைவரோ தன் தாயார் பெயரான ஞானப்பூவைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருந்தார்.

பண்டிகைக் காலையில் நான் போனபோது பச்சை விளக்கு இல்லை. "என்ன செஞ்சிய அண்ணாச்சி?" என்றேன்.

"சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு, பாயெல்லாம் மாத்தியாச்சு. இது மட்டும் பழசாவா கெடக்கும், டீச்சர்? அப்டேட்டுன்னு கேட்டுச்சு. அமுக்கி, அணைச்சுத் திருப்பிப் போட்டேன்."

புது கெர்னல் வந்துவிட்டது. மாட்யூல் போய்விட்டது. இணையமில்லாமல் மாட்யூலை எப்படி இறக்குவது? மாட்யூல் இல்லாமல் இணையம் எங்கிருந்து வரும்?

என்ன தம்பி, கடைசி வரிசையில்? கைப்பேசி இணையம் இல்லையா என்கிறீர்களா? ஆராதனைக்கு வருவோர் கைப்பேசியை வாசல் மரப்பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது எங்கள் கமிட்டித் தீர்மானம். முன்மொழிந்தவர் யார்? தலைவர். பூட்டியவர் யார்? தலைவர். பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவர் யார்? நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வேண்டுமென்றே செய்தாரா என்கிறார் இந்த அம்மா. இல்லை, தாயே. அவ்வளவு லினக்ஸ் அவருக்குத் தெரியாது.

ஞானஸ்நான நேரம் வந்து பியூலா குழந்தையோடு எழுந்து நின்றாள். அவள் கண் என் மேலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஐயர் என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு கவி பாடுவோம்" என்றார். சபை பாடியது. நான் கணினியை மறுபடி தொடங்கி, கெர்னல் பட்டியலைத் திறந்தேன். அங்கே இருந்தது பழைய கெர்னல், தன் மாட்யூலோடு. புதியது வந்ததற்காகப் பழையதை லினக்ஸ் தூக்கி எறியவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

"குழந்தையின் பெயர் என்ன?" என்றார் ஐயர்.

ஒலிபெருக்கியில் குவைத் பேசியது. "ஹலோ, கேக்குதா?"

"கேக்குது" என்றது முழுச்சபையும்.

"எப்சி" என்றான் ஹெப்ரான். குரல் உடைந்திருந்தது. தலைவர் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்தார், அதிலேயே கண்ணைத் துடைத்தார்.

மறுநாளே டிகேஎம்எஸ்ஸை நிறுவினேன். அதோடு தலைவரிடமிருந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். ஓராண்டாக மேடைக்கு மேடை என்ன முழங்குகிறேன்? திறந்த மூலம், திறந்த கதவு, எவரும் தொடலாம், எவரும் திருத்தலாம். ஆனால் எங்கள் செயலாளரை மட்டும் தொடவிடவில்லை. கைப்பேசிப் பெட்டியை அவர் பூட்டினார். கணினியை நான் பூட்டினேன். தப்பு செய்தவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் பூட்டு அவருக்கு மட்டும். இது என்ன விடுதலை? இது என்ன கட்டற்ற மென்பொருள்?

ஆகவே தலைவர் அவர்களே, பொன்னாடை கிடையாது. இந்த உறைக்குள் கடவுச்சொல் இருக்கிறது. அது குழந்தையின் பெயர் அல்ல, சபையோரே, முயன்று பார்க்காதீர்கள். நாளை அப்டேட் என்று கேட்டால் தைரியமாக அமுக்குங்கள். கெட்டுப்போனால் சேர்ந்து சரிசெய்வோம்.

முன்வரிசையில் மைக் வயரைக் கடித்துக்கொண்டிருக்கும் எப்சிக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. பஜ்ஜி தயார். வணக்கம்.