மைக் இல்லாத கச்சேரி

“இன்னிக்கு மைக்கே வேணாம்டா” என்றான் மடியில் கிதார் வைத்திருந்தவன். ஸ்ரீரங்கத்து பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர், தென்னூர்க் கல்யாணத்தில் பாடப் போகிறவர்கள்.

“மைக் இல்லாம யாருக்குடா கேட்கும்?” என்றான் கூட்டாளி.

“குழாய் ஸ்பீக்கர்ல மைக் செட்டுக்காரர் தன் பேரை எழுதி வச்சிருக்காரு. ஊரே அதான் நம்ம பேருன்னு நினைக்குது. அந்தக் கோவத்துலதானே புகழைப் பத்திப் பாட்டு கட்டினோம்?”

“அதான் ஹிட் ஆயிடுச்சே. இப்ப நம்மளைத் தெரியும்டா.”

பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பினார். “அந்தப் புகழ் பாட்டா? எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம்.”

“யாரு பாடறதுங்க அது?” என்று கூட்டாளி பெருமையோடு கேட்டான்.

அவர் யோசிக்காமல் மைக் செட்டுக்காரர் பேரைச் சொன்னார்.

பாலம் தாண்டியதும் கூட்டாளியே கிதார்காரனிடம் சொன்னான்:

“மைக் வேணாம்டா. முன்வரிசைக்குக் கேட்டாப் போதும். நம்ம வாயைப் பார்க்கட்டும்.”