வினைச்சொல் கேட்காததால் வந்த வினை

விழாத் தலைமையைத் தோளிலும், இவன் பேச்சு எப்போது முடியுமோ என்ற கவலையை முகத்திலும் சுமந்து வீற்றிருக்கும், எங்கள் கடவாக்கரைத் திராட்சை விவசாயிகள் சங்கத்தின் தலைவர் நிவ்ருத்தி அண்ணா அவர்களே!

பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து முதுகு வளைந்தாலும், விலை பேசும்போது மட்டும் வளையாத பெரியவர்களே! கத்தரிக்கோல் முனை ஒரு காயையும் காயப்படுத்தாமல் குலை சீர்செய்யும் கைகளுக்குச் சொந்தக்காரிகளான தாய்மார்களே! குளிர் அறையைக் காக்கும் தோழர்களே! டெம்போ ஓட்டும் தம்பிகளே! கடலைமாவுப் பிட்லாவும் சோளரொட்டி பாக்ரியும் எந்தப் பக்கம் வேகின்றன என்பதை மூக்காலேயே தடமறிந்துவிட்ட அன்பர்களே! முன்வரிசையின் நடுவில் அமர்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் சாருசீலா அக்கா அவர்களே!

உங்கள் அத்தனை பேருக்கும் இந்தத் திகம்பர் கட்லக்கின் தலைதாழ்ந்த வணக்கம்!

யாரங்கே, பின்னாலிருந்து ‘பர்வாராவ்’ என்று குரல் கொடுப்பது? ஆமாம் ஐயா, நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் திகம்பர். நீங்கள் வைத்த பெயர் பர்வாராவ். பெற்றவர்கள் வைத்தது ஆதார் அட்டையோடு நின்றுவிட்டது. நீங்கள் வைத்ததோ என் மனைவியின் கைபேசி வரைக்கும் போய்விட்டது!

இந்த ஆண்டு ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் புதிய உறுப்பினர்கள் நம் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு ஏன் இந்தப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. தலைவரிடம் கேட்டேன், “அண்ணா, அந்தக் கதையை வேற யாராவது சொல்லட்டுமே?” அவர் சொன்னார், “நீயே சொல்லிடுப்பா. மத்தவங்க சொன்னா உன்னை இன்னும் கேவலமாச் சொல்லுவாங்க.” ஆகவே, என் மானத்தை நானே ஏலம் விட வந்திருக்கிறேன்.

அன்பர்களே! நம் திராட்சை எங்கே போகிறது? கடல் கடந்து போகிறது! ராட்டர்டாமில் இறங்குகிறது! அங்கே ஒரு அம்மாள் பெட்டியைக் கையில் எடுக்கிறாள். மேலே ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட குறியீட்டில் கைபேசியைக் காட்டுகிறாள். காட்டிய மாத்திரத்தில் என்ன தெரிகிறது? எந்த ஊர் என்று தெரிகிறது. எந்தத் தோட்டம் என்று தெரிகிறது. எந்த மருந்து, எந்த நாளில் அடித்தது என்று தெரிகிறது. விளைவித்தவர் யார் என்று பெயரும் தெரிகிறது. ஒரு குலையில் குறை என்றால், அது கிளம்பிய கொடி வரைக்கும் பின்னோக்கி நடந்து வரலாம். இதற்குப் பெயர்தான் தடமறியும் முறை. அந்த முறைக்கு நம் சங்கத்துக்காக சாஃப்ட்வேர் செய்த மகா மேதை, மாவட்டமே மெச்சும் மூளைக்காரன் யார்? சிரிக்காதீர்கள். நானேதான்.

மருந்து அடித்த ஈரக் கையோடு யார் கைபேசியில் எழுத்துத் தட்டுவார்கள்? அதனால் வாயால் சொன்னாலே போதும் என்று செய்தேன். கைபேசியை எடுங்கள், அழுத்துங்கள், பேசுங்கள். நாள், தோட்டம், மருந்து ஆகிய மூன்றையும் அது பிடித்துக்கொள்ளும். மருந்து அடித்துக் காத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. சிவப்பென்றால் நம் பேக்கிங் கூடத்து வாசற்கதவு திறக்காது. சங்கு வேறு ஊதும். சங்கு என் சொந்த யோசனை! திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், தேங்காய் கொடுத்தார்கள். நான் இதே மேடையில் இதே மைக்கில் முழங்கினேன்: “மனிதன் மறப்பான், இயந்திரம் மறக்காது! மனிதன் தவறுவான், இயந்திரம் தவறாது!” கை தட்டினீர்கள். நானும் கூடவே தட்டிக்கொண்டேன்.

ஒன்றைக் கவனிக்கவில்லை. நம் மராத்தி மொழியில் ஒரு சொல் இருக்கிறது. முந்தாநாள் நடந்ததா? பர்வா. நாளை மறுநாள் நடக்கப்போகிறதா? அதுவும் பர்வா! போனதும் பர்வா, வரப்போவதும் பர்வா! இறந்த காலத்தையும் எதிர்காலத்தையும் ஒரே பைக்குள் போட்டு முடிச்சுப் போட்ட மக்கள் உலகத்தில் நம்மைப் போல வேறு எத்தனை பேரோ, நானறியேன். தாய்ப்பாலோடு குடித்த சொல்தான். ஆனாலும் என் இயந்திரத்துக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒரே பொருள். பர்வா என்றால் முந்தாநாள். ஏன்? அடித்த பிறகுதானே சொல்வார்கள், அடிப்பதற்கு முன்னால் எந்த விவசாயி இயந்திரத்தைக் கூப்பிட்டு யோசனை கேட்பான் என்று நினைத்தேன்.

கேட்டார் ஒருவர்! அவர்தான் சாருசீலா அக்கா.

அக்காவின் கீழ்த்தோட்டம் அதுவரை அவருடைய கணவரின் அண்ணன், நாம் தாதா என்று மரியாதையாக அழைக்கும் பாஸ்கர்ராவ் பெயரில்தான் பதிவாகியிருந்தது. உழைத்தது அக்கா, பெட்டியில் ஒட்டியது வேறு பெயர். போன பருவத்தில் சண்டை போட்டு, சங்கத்தின் படியேறி, இதே தலைவரின் மேசையைத் தட்டி, தோட்டத்தின் பதிவைத் தன் பெயருக்கு மாற்றினார். சாருசீலா மௌலே என்ற பெயர் பெட்டியில் ஏறிக் கடல் கடக்கப் போகும் முதல் அறுவடை அது. பாஸ்கர்ராவ் தாதா, நீங்களும் வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை நாள். வடமேற்கில் மேகம் கறுத்து நிற்கிறது. பழுத்த குலையில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தோல் வெடிக்கும். வெடித்த பழம் ராட்டர்டாமுக்கா போகும்? ஊர்ச்சந்தைக்குக்கூடப் போகாது. வெட்டும் பெண்கள் தோட்டத்தில் வேகவேகமாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதல் டெம்போ வாசலுக்கு வருகிறது. அக்காவே முன்சீட்டில் புதுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார். குறியீட்டைக் காட்டுகிறார்கள். சிவப்பு! என் அருமைச் சங்கு ஊரைக் கூட்டுகிறது!

நான் ஓடி வந்தேன். திரையைப் பார்த்தேன். மாவுப்பூச்சி மருந்து, கீழ்த்தோட்டம், காத்திருக்கும் காலம் முடியவில்லை.

“அக்கா, மருந்து அடிச்சுட்டு இவ்வளவு சீக்கிரம் வெட்டலாமா? உங்களுக்குத் தெரியாதா?”

“நான் எங்கே அடிச்சேன்?”

“மெஷின் சொல்லுதே!”

“மெஷின் தோட்டத்துக்கு வந்துச்சா? பந்தலுக்குக் கீழே நீ நின்னியா, அது நின்னுச்சா?”

பாஸ்கர்ராவ் தாதா பக்கத்தில் நின்று கொண்டு சும்மா இருப்பாரா? “பேரை மாத்தினா, ராசியும் சேர்ந்து மாறிடும்னு நான் அப்பவே சொன்னேன். என் பேர்ல இருந்தவரைக்கும் இந்தச் சங்கு ஊதினதுண்டா?” என்றார். உண்மைதான், ஊதியதே இல்லை. சங்கை நான் மாட்டியதே அந்தப் பருவத்தில்தான்!

அக்கா டெம்போவிலிருந்து இறங்கினார். பைக்குள் கையை விட்டார். மருந்து பாட்டிலை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மூடியில் சீல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்த மேதை என்ன சொன்னான் தெரியுமா? “இது ரெண்டாவது பாட்டிலா இருக்கலாமே” என்றான்! தாய்மார்களே, அப்போதே என்னை அந்த டெம்போ சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கலாம். நீங்கள் பெருந்தன்மை மிக்கவர்கள்.

என் சாமர்த்தியத்தைக் காட்ட அக்காவின் குரல்பதிவை எல்லோர் முன்னிலையிலும் போட்டேன். அக்காவின் குரல் கணீரென்று ஒலித்தது: “பர்வா, கீழ்த்தோட்டம், மாவுப்பூச்சி மருந்து.” அவ்வளவுதான். நின்றுவிட்டது.

“பாத்தீங்களா?” என்றேன், ஏதோ நீதிபதி மாதிரி.

வாசலில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. “பர்வான்னா அடிச்சாச்சுன்னு அர்த்தம்!” என்றார் ஒருவர். “அடிக்கப் போறேன்னு அர்த்தம்யா!” என்றார் இன்னொருவர். “பர்வா என் பொண்ணு கல்யாணம்னு சொன்னா, முடிஞ்சுபோச்சுன்னு வீட்டுலயே படுத்துக்குவியா நீ?” என்று மூன்றாமவர் பாய்ந்தார். பாதி ஊர் முந்தாநாளில் நிற்கிறது, பாதி ஊர் நாளை மறுநாளில் நிற்கிறது. மேகம் மட்டும் இன்றைக்கே வந்துகொண்டிருக்கிறது!

அப்போது அக்கா கேட்டார், “திகம்பர், நான் பேசினதை முழுசாப் போடு. எந்தக் காலத்துலயாவது நான் மூணு வார்த்தையில பேச்சை நிறுத்தியிருக்கேனா? இதோ நிக்கிறாரே என் வீட்டுக்காரர், அவரையே கேளு.”

அவருடைய கணவர் பலமாகத் தலையாட்டினார். அந்த மனிதர் அன்று அளித்ததைப் போன்ற ஒரு சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் கண்டிருக்காது!

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால், பேச்சை வெட்டச் சொன்னதே நான்தான். நாள், தோட்டம், மருந்து மூன்றும் கிடைத்தவுடன் இயந்திரம் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று செய்து வைத்திருந்தேன். “விவசாயி வளவளவென்று பேசுவான், அதையெல்லாம் கேட்டு என்ன ஆகப் போகிறது” என்ற ஆணவம். நான்! இந்த மேடையில் மைக்கைப் பிடித்தால் விடாத நான்! அடுத்தவர் பேச்சு நீளம் என்று வெட்டினேன்!

நல்லவேளை, இயந்திரம் கேட்காவிட்டாலும் கைபேசி முழுவதையும் வைத்திருந்தது. போட்டேன். இப்போது கேளுங்கள்:

“பர்வா, கீழ்த்தோட்டம், மாவுப்பூச்சி மருந்து அடிக்கலாம்னு இருந்தேன். குலையைத் தூக்கித் தூக்கிப் பாத்தா ஒரு பூச்சி இல்ல. இல்லாத பூச்சிக்கு எதுக்கு மருந்து? அடிக்கப் போறதில்ல. எழுதிக்கோ. ஏய், கேக்குதா உனக்கு? எங்க கேக்கும், அந்தத் திகம்பர் செஞ்சதுதானே!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! வாசலில் அன்று சிரித்த சிரிப்பில் என் சங்கின் சத்தமே அமுங்கிப் போனது.

அன்பர்களே! நம் மொழியில் வினைச்சொல் எங்கே வரும்? கடைசியில் வரும்! அடித்தேனா, அடிப்பேனா, அடிக்கமாட்டேனா என்பது எங்கே தெரியும்? கடைசியில்தான் தெரியும்! அந்தக் கடைசிவரை நான் காத்திருந்தேனா? இல்லை! வினைச்சொல் கேட்காததால் வந்த வினை அது! பரவாயில்லை என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். பர்வாவால் பட்டவனுக்கு அந்தச் சொல்லும் எரிச்சலாக இருக்கிறது.

சரி, உண்மை தெரிந்துவிட்டது, கதவைத் திறக்க வேண்டியதுதானே? திறக்க முடியவில்லை! ஏன்? திருத்தும் பொத்தானே நான் வைக்கவில்லை! தவறாத இயந்திரத்துக்குத் திருத்தம் எதற்கு? வாசற்படியிலேயே கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே இடி. எதிரே அக்கா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். திருத்தத்தைச் செய்தேன். அதிலும் ஒரு சங்கடம். தவறு யாருடையது என்று குறிக்க வேண்டும். சரக்கு வாசலில் நின்றால் குறிப்பதற்காக நானே முன்பு போட்டு வைத்த காரணங்கள் விவசாயி, மின்சாரம், வானிலை. அவ்வளவுதான். சாஃப்ட்வேர் செய்தவன் என்று ஒரு காரணமே அதில் இல்லை!

“வானிலைன்னு போட்டுட்டுப் போவோமே அக்கா, நேரமில்ல” என்றேன்.

அக்காவின் குரல் இறங்கியது. “வானம் உன்னை என்னப்பா பண்ணுச்சு? என் பேர் முதல் தடவையா வெளிய போகுது. அதுக்கு அடியில ஒரு பொய் வேணாம்.”

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. இன்று சொல்லும்போதும் கலங்குகிறது. நான்காவது காரணத்தைச் சேர்த்தேன். ‘விவசாயி சொன்னது சரி. சாஃப்ட்வேர் செய்தவர் முழுதும் கேட்கவில்லை. திகம்பர் கட்லக்.’ கதவு திறந்தது. ஊரே கீழ்த்தோட்டத்துக்கு ஓடியது. பட்டிமன்றத்தில் இரு பக்கமும் கத்தியவர்கள் ஒரே பக்கமாகக் கூடை தூக்கினார்கள். பாஸ்கர்ராவ் தாதாவும் தூக்கினார்; முனகிக்கொண்டேதான் என்றாலும், தூக்கினார்! கடைசிக் கூடை உள்ளே வந்த பிறகே மழை கொட்டியது. பழத்தின் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். மருந்தின் சுவடுகூட இல்லை என்று வந்தது.

ஆகவே, அக்கரையிலிருந்து வந்திருக்கும் புதிய தோழர்களே! தடமறிதல் என்றால் விவசாயி தலையில் பழியை ஏற்றும் தந்திரமா? இல்லை! எங்கோ இருக்கும் ஒரு தாய், தன் குழந்தைக்கு ஊட்டும் முன், ‘இதற்கு யார் பொறுப்பு’ என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்! விளைவித்தவர் பெயர் நிற்கட்டும்! சோதித்தவர் பெயர் நிற்கட்டும்! தவறு செய்தவன் பெயரும் தலைகுனிந்து அதே வரிசையில் நிற்கட்டும்! இப்போது நம் இயந்திரம் வினைச்சொல் வரும்வரை கேட்கிறது. கேட்டும் புரியாவிட்டால், எந்தப் பர்வா என்று பணிவாகத் திருப்பிக் கேட்கிறது. என் வீட்டில்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

அந்தப் பெட்டிகள் ராட்டர்டாமில் இறங்கின. குறியீட்டைக் காட்டிய ஒவ்வொருவரும் மேலே சாருசீலா மௌலே என்ற பெயரைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே என் பெயரையும் பார்த்தார்கள். நம் தாலுகாவிலிருந்து திராட்சை கடல் கடந்தது புதிதல்ல. முட்டாள் ஒருவன் பெயர், ஊர், காரணத்தோடு கடல் கடந்தது அதுவே முதல் முறை! அக்கா, உங்கள் பெயருக்கு அடியில் இடம் கிடைத்தது என் பாக்கியம்.

தலைவர் மணியைத் தூக்கிவிட்டார். முடித்துக்கொள்கிறேன். பொறுத்திருந்து கேட்ட பெரியவர்களுக்கும், முறைத்தபடியே கேட்ட அக்காவுக்கும், பாக்ரி ஆறுவதைப் பார்த்தும் பார்க்காத தாய்மார்களுக்கும், பர்வாராவ் என்று வாழ்த்திய அன்பு நெஞ்சங்களுக்கும், என் நெஞ்சார்ந்த நன்றியையும் வணக்கத்தையும்...

உட்காருங்கள், உட்காருங்கள்! எங்கே எழுந்துவிட்டீர்கள்? வினைச்சொல் இன்னும் வரவில்லை!

...தெரிவித்து அமர்கிறேன்.