ஒருமுறை மட்டும் உடுத்தியது

துணியைப் படம் எடுக்கக் காலை வெயில்தான் நல்லது. ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டால் நிறம் உள்ளபடி விழும். கறை இருந்தால் அதையும் காட்டிவிட வேண்டும். வாங்குகிறவர்களை நான் ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

முதலில் என்னுடையதைத்தான் விற்கப் பார்த்தேன். விற்கிற மாதிரி எதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அக்கா உடுத்திக் கழித்ததைத்தான் நான் உடுத்தினேன். அக்கா வங்கியில் அதிகாரி. நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

போன வருடம் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்றார் டாக்டர். படுத்தே கிடப்பவளுக்கு இரண்டு நைட்டி போதும். அலமாரி நிறையத் துணி சும்மா தொங்கியது. பழைய துணி விற்கிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி, அவளுடைய கம்பளி மேலாடையை முதலில் போட்டேன். 'ஒருமுறை மட்டும் உடுத்தியது' என்று எழுதினேன். மத்தியானத்துக்குள் போய்விட்டது. வாங்கிய பெண், "உங்க ரசனையே தனி அக்கா" என்று எழுதியிருந்தாள்.

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஐயா. அந்த வரியை அன்று முழுக்கப் படித்தேன்.

பிறகு சட்டைகள், பைகள், அலுவலகத்துக்குப் போடும் கோட்டுகள். ஐந்து மாதத்தில் அலமாரியில் வெறும் ஹேங்கர்கள்தான் மிஞ்சின. பணத்துக்காக இல்லை. அது அக்காவின் மருந்துக்கே போயிற்று. "அடுத்தது எப்ப போடுவீங்க" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அக்காவுக்கு உடம்பு துடைத்துவிடும்போதும் அவர்களுக்கு என்ன பதில் எழுதலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். ஆனால் நன்றாகத்தான் துடைத்தேன். அவளுக்கு ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை.

அதனால்தானோ என்னவோ, அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நின்றாள். பயிற்சி கொடுக்க வந்த பெண், "தங்கச்சி தோளப் புடிச்சிக்கிட்டு தெனம் படி எறங்கிப் பழகுங்க" என்றாள்.

அன்று காலை மாடிப்படியின் மேல் நின்றோம். அக்கா முகம் தெளிந்திருந்தது.

"திங்கக்கிழம வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேன்டி. அந்த நீலக் கோட்ட எடுத்து வெயில்ல போடு."

"சரிக்கா."

"வேணாம், இரு. இத்தன மாசமா பூட்டிக் கெடக்கு. இன்னைக்கே நானே அலமாரியத் தொறந்து எல்லாத்தையும் ஒதறி வைக்கிறேன்."

நான் தள்ளவில்லை. தோளைச் சற்று விலக்கினேன். பதினான்கு படி.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு நினைவு இருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உள்ளதைச் சொன்னேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், ஒன்றுகூட இல்லை என்றேன்.

"துணிதானேடி" என்றாள். "கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. பயப்படாத. போன எடு, யாரையாச்சும் கூப்புடு."

போன் என் மடியில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாள். கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

துணிக்காகவா இதைச் செய்தாய் என்று கேட்டீர்கள். இல்லை, ஐயா. அப்போதாவது அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.