வெள்ளிக்கிழமைகளில் நிறுத்தும் கணினி

தலைமை தாங்கும் நமசிவாயம் ஐயா அவர்களே, உதயகலா அக்காவின் துணைவர் கேதீஸ்வரன் அண்ணை அவர்களே, கோப்பாய் வரை வந்து கண் கலங்கி அமர்ந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் தலைமைப் பொறியியலாளர் உதயகலா அக்கா என்ன வேலை செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. வலிகாமத்துக் கிளினிக்குகளில் உங்கள் வரிசை இலக்கம் கைபேசியில் உடனே தெரிகிறதல்லவா? அதற்குப் பின்னால் இருந்தவர் அக்கா! ஒவ்வொரு தடவையும் பெரிய தரவுத்தளத்தில் தேடாமல், அடிக்கடி கேட்கப்படும் விவரங்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்தார். முதலில் அந்த நினைவகம் செயலிக்குள்ளேயே இருந்தது. செயலி விழுந்தால் எல்லாம் போய்விடும். பிறகு அதைத் தனியாக மூன்று கணினிகளுக்குப் பிரித்து மாற்றினார். ஒவ்வொரு விவரத்துக்கும் வேறொரு கணினியில் ஒரு பிரதி இருக்கும். காலாவதியானவை தாமாகவே நீங்கிவிடும்.

நாங்கள் நம்பினோமா? எங்கே நம்பினோம்! அதனால்தான் வெள்ளிக்கிழமைதோறும், நோயாளர்கள் நிறைந்திருக்கும் காலையிலேயே, ஒரு கணினியை நிறுத்தச் சொல்வார். எங்கள் குழுவில் இளையவளான சுபாஜினி நிறுத்துமுன் அக்காவைத் திரும்பிப் பார்ப்பாள்.

"ஏன் பிள்ளை பயப்பிடுறாய்? நிப்பாட்டு. மற்றது பாத்துக்கொள்ளும்."

"பாக்காட்டில் என்ன செய்யிறது, அக்கா?"

"பாக்காட்டில் இண்டைக்கே தெரியட்டும். நான் பக்கத்திலை இருக்கேக்கை தெரியட்டும்."

நோய் வந்த பிறகும் அவர் மாறவில்லை. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் மடிக்கணினியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார். தனக்குத் தெரிந்தது எதுவானாலும் எங்களில் இருவருக்காவது தெரிய வேண்டும் என்றார். ஏன் என்று எங்களுக்கு விளங்கியது. வெளியே வந்து அழுதோம்.

அக்கா போன பின்னர் வந்த வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் எந்தக் கணினியையும் நிறுத்தவில்லை. ஏதும் பிழையாகிப்போனால் யாரிடம் கேட்பது? ஆனால் சோதித்துப் பாராத பிரதியை எப்படி நம்புவது? அக்கா இருந்தால் எங்களை ஏசியிருப்பார்!

இன்று வெள்ளிக்கிழமை. சற்று முன் நாம் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோமே, அப்போது பின்வரிசையில் சுபாஜினி தன் மடிக்கணினி வழியாக அந்த மூன்றில் ஒரு கணினியை நிறுத்தினாள். நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது நின்றபடியே இருக்கிறது. கிளினிக்குகளில் இலக்கங்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. அங்கே காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா, இனி எந்த வெள்ளிக்கிழமையும் இதைத் தவறவிட மாட்டோம். இது உங்கள் மேல் சத்தியம். இன்றும் நிறுத்துமுன் சுபாஜினி திரும்பிப் பார்த்தாள். நானும் எங்கள் குழுவின் பிரவீணனும் அவள் பக்கத்தில் நின்றோம்.